கர்ப்பப்பையை எடுத்தால் இறக்கம் நின்றுவிடுமா? தர்மபுரி, கிருஷ்ணகிரி மகப்பேறு மருத்துவர்கள் மேற்கொண்டு கற்க வேண்டியவை

மகப்பேறு ஓ.பி.க்கு வரும் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் பலர், வந்த காரணத்தை முதலில் சொல்வதில்லை. இடுப்பு வலி என்பார்கள், வெள்ளை படுகிறது என்பார்கள். டாக்டர் பொறுமையாகக் கேட்டால்தான் குரலைத் தாழ்த்தி, "அடியில ஏதோ தட்டுப்படுது மேடம், உட்கார்ந்தா உறுத்துது" என்று வரும். எத்தனை நாளாக என்றால் வருடக் கணக்கில் பதில் வரும். கர்ப்பப்பை இறக்கம், மூத்திரப்பை இறக்கம், மலக்குடல் முன்னோக்கிப் பிதுங்குவது என்று இதில் பல வகை உண்டு. ஊரில் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'அடி இறங்கிடுச்சு' என்பதுதான் பேச்சு.

முக்கியக் காரணம் பிரசவம். குறிப்பாக, நெடுநேரம் இழுத்துக்கொண்டு போன சுகப்பிரசவங்கள், ஆயுதம் போட்டு எடுத்த பிரசவங்கள். அதன்மேல் மாதவிடாய் நின்ற பிறகு திசுக்கள் மெலிவது, தீராத இருமல், மலச்சிக்கல், கனமான சுமை எல்லாம் சேர்கின்றன. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சுமை என்பது தினப்படி வாழ்க்கை. பாலக்கோடு பக்கம் தக்காளிக் கூடை, காவேரிப்பட்டணம் பக்கம் சீசனில் மாங்காய், கேழ்வரகுக் கதிர்க்கட்டு, மலைக் கிராமங்களில் தண்ணீர்க் குடமும் விறகும். பிள்ளை பெற்ற உடம்பு தேறும் முன்பே காட்டு வேலைக்குத் திரும்பியவர்கள் ஏராளம். அறுபது வயதில் இறக்கம் தெரிய வந்தாலும், அதற்கான சேதம் இருபத்தைந்து வயதில் தொடங்கியிருக்கும்.

ஓ.பி.யில் அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில்: "கர்ப்பப்பை இறங்கியிருக்கும்மா, எடுத்துடலாம்." தேர்ந்த கை செய்தால், பிறப்புறுப்பு வழியாகக் கர்ப்பப்பையை எடுத்து, பிறப்புறுப்பின் முன்சுவரையும் பின்சுவரையும் இறுக்கித் தைப்பது நல்ல சிகிச்சைதான். ஆனால் அப்படி எடுத்தவர்களில் ஒரு பகுதியினர் சில வருடங்களில் திரும்பி வருகிறார்கள். இம்முறை பிறப்புறுப்பின் மேல்முனையே, அதாவது கர்ப்பப்பை இருந்த இடமே, சரிந்து வெளியே வந்திருக்கும். "கர்ப்பப்பைதான் எடுத்தாச்சே, இப்ப என்ன இறங்குது?" என்று கேட்பார்கள். மகப்பேறு மருத்துவர்கள் இறக்கச் சிகிச்சையில் மேற்கொண்டு என்ன படிக்க வேண்டும் என்ற பேச்சை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

தாங்குவது எது?

இடுப்புக்கூட்டுக்குள் நடுவில் கர்ப்பப்பை, முன்னால் மூத்திரப்பை, பின்னால் மலக்குடல். இவை கீழே சரியாமல் இருக்க இரண்டு ஏற்பாடுகள் உண்டு. அடியில் தொட்டி போல விரிந்திருக்கும் இடுப்புத்தளத் தசை ஒன்று. மேலேயும் பக்கவாட்டிலும் இழுத்துப் பிடிக்கும் இணைப்புத் திசுக்கள் மற்றொன்று. பிரசவத்தில் தசை எலும்பிலிருந்து பிய்ந்துகொண்டால், பாரம் முழுக்க இணைப்புத் திசுக்களின் மேல் விழும். வருடங்கள் போகப் போக அவையும் நெகிழும்.

கர்ப்பப்பை எடுத்த பிறகும் பிறப்புறுப்பு ஏன் பிதுங்கி வருகிறது என்பதை உடற்கூறு வழியாக ஆராய்ந்தவர் அமெரிக்க மருத்துவர் ஜான் டிலான்சி. 1992இல் வெளியான அவரது கட்டுரை, தாங்குதலை மூன்று மட்டங்களாகப் பிரித்தது. மேல்மட்டத்தில் கர்ப்பப்பை வாயையும் பிறப்புறுப்பின் மேல்முனையையும் முதுகுப் பக்கத்துத் திரிக எலும்பை நோக்கி இழுத்துப் பிடிக்கும் நார்கள். நடுமட்டத்தில் பக்கச் சுவர்களோடு ஒட்டிப் பிடிக்கும் திசு. கீழ்மட்டத்தில் பிறப்புறுப்பு வாயைச் சுற்றியுள்ள தசையும் திசுவும். மூன்றில் எது விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்தால்தான் எதைத் தைப்பது என்று முடிவு செய்ய முடியும்.

பந்தல் சாய்ந்துவிட்டால், அதில் தொங்கும் சுரைக்காயைப் பறித்துவிடுவதால் பந்தல் நிமிராது. கர்ப்பப்பை இறக்கமும் அப்படியே. இறங்கியது கர்ப்பப்பை என்றாலும் கெட்டுப்போனது அதைத் தாங்கிய நார். கர்ப்பப்பையை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், மேல்முனையைத் திடமான ஓர் இடத்தோடு சேர்த்துக் கட்டியாக வேண்டும். பல இடங்களில் விட்டுப்போவது இந்த ஒரு படிதான்.

இது புதுச் சரக்கும் இல்லை. கர்ப்பப்பை எடுத்த பிறகு மேல்முனையைப் பின்பக்க நார்களோடு சேர்த்துத் தைக்கும் மெக்கால் முறை 1957இல் வந்தது. மேல்முனையை இடுப்பின் ஆழத்திலுள்ள சேக்ரோஸ்பைனஸ் தசைநாரில் பிணைப்பதை ஜெர்மனியில் ரிக்டர் 1968இல் பரவலாக்கினார். கர்ப்பப்பையை எடுக்காமலே தூக்கிக் கட்டுவதில் நம் நாட்டுக்குத் தனி வரலாறே இருக்கிறது. மும்பையைச் சேர்ந்த ஷிரோட்கர், புரந்தரே ஆகியோர் பெயரில் உள்ள அறுவை முறைகளை எம்.எஸ். மாணவர்கள் இன்றும் பாடப் புத்தகத்தில் படிக்கிறார்கள். இளம் வயதிலேயே இறக்கம் வந்து, இனியும் பிள்ளை பெற விரும்பிய பெண்களுக்காக உருவான முறைகள் அவை. தேர்வில் இவற்றை எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நிறைய. தன் கையால் செய்து பார்த்தவர்கள் அவ்வளவு பேர் இல்லை.

விரல் நுனியில் இருக்கும் பாடம்

சேக்ரோஸ்பைனஸ் பிணைப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். பிறப்புறுப்பின் பின்சுவரைத் திறந்து, மலக்குடலை ஒரு பக்கமாக ஒதுக்கி, ஆள்காட்டி விரலை உள்ளே செலுத்தி இஸ்கியல் ஸ்பைன் என்ற எலும்பு முனையைத் தேட வேண்டும். பிரசவ வலியில் குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க நாள்தோறும் தொடும் அதே முனைதான். அங்கிருந்து திரிக எலும்பை நோக்கி ஓடும் நாரை விரலால் உணர வேண்டும். முனையிலிருந்து சுமார் 2 செ.மீ. உள்பக்கம் தள்ளித்தான் ஊசி நுழையலாம். முனைக்குப் பின்னாலேயே புடெண்டல் நரம்பும் ரத்தக் குழாயும் போகின்றன. ஊசி விலகினால் பிட்டத்தில் தீராத வலி வரலாம், இல்லையென்றால் கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் ரத்தம் கொட்டலாம்.

இதில் முக்கால்வாசி வேலை தடவி உணர்ந்து செய்வது. திரையில் காட்டும் வீடியோவில் டாக்டரின் கையுறையும் நூலும் தெரியும், விரல் நுனி எதைத் தொடுகிறது என்று தெரியாது. கற்றுக்கொள்பவரின் விரல் உள்ளே இருக்கும்போது, பக்கத்தில் நிற்கும் மூத்த மருத்துவர் தன் விரலையும் வைத்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் உள்ளே, இப்ப சரி" என்று சொல்ல வேண்டும். அரங்கில் உட்கார்ந்து இதைக் கற்க வழியே இல்லை.

நம் நாட்டுத் தொடர் மருத்துவக் கல்வி, மருத்துவர்கள் சொல்வது போல சி.எம்.இ., பெரும்பாலும் அரங்கில்தான் நடக்கிறது. 2002ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் வகுத்த நடத்தை விதிகளில், ஒரு மருத்துவர் 5 ஆண்டுக்குக் குறைந்தது 30 மணி நேரம் இத்தகைய கல்வியில் பங்கேற்க வேண்டும் என்று இருக்கிறது. விதி நல்லதுதான். ஆனால் மணி நேரம் உட்கார்ந்ததைக் கணக்கிடுகிறதே தவிர, கை கற்றதைக் கணக்கிடுவதில்லை. காலையில் பதிவு, நாலு சொற்பொழிவு, மதியச் சாப்பாடு, சாயங்காலம் சான்றிதழ் என்று முடிந்துபோகும் ஒரு நாளில் ஒருவர் புது மருந்தின் அளவைத் தெரிந்துகொள்ளலாம், புது வழிகாட்டுதலைத் தெரிந்துகொள்ளலாம். மேல்முனையைக் கட்டக் கற்றுக்கொள்ள முடியாது. அரூரிலோ தேன்கனிக்கோட்டையிலோ வேலை செய்யும் மருத்துவர் அந்த ஒரு நாளுக்காகச் சென்னை போய் வருவதற்குள், அவருடைய பிரசவ வார்டை யார் பார்ப்பது என்ற கேள்வியும் இருக்கிறது.

அமெரிக்காவில், இறக்கத்துக்கும் சிறுநீர்க் கசிவுக்கும் சிகிச்சை தரும் இந்தத் துறை 2011இல் தனி உட்பிரிவாக அங்கீகாரம் பெற்றது. மகப்பேறு முடித்தவர்களும் சிறுநீர்ப் பாதை அறுவை (யூராலஜி) முடித்தவர்களும் வருடக் கணக்கில் கூடுதல் பயிற்சி பெற்றுத் தேர்வு எழுதுகிறார்கள். நம் ஊரில் ஒவ்வொரு தாலுகாவுக்கும் அப்படி ஒருவர் வருவார் என்று காத்திருக்க முடியாது. இறக்க அறுவையைச் செய்யப்போவது ஏற்கெனவே இங்கே இருக்கும் மகப்பேறு மருத்துவர்தான். ஆகவே அவருக்குப் போய்ச்சேரும் பயிற்சி எப்படிப்பட்டது என்பதுதான் இங்குள்ள பெண்களின் விதியைத் தீர்மானிக்கிறது.

வலையால் வந்த வினை

பயிற்சி சரியில்லை என்றால் என்ன ஆகும் என்பதை உலகமே பார்த்த ஒரு சம்பவம் உண்டு. குடலிறக்க அறுவையில் பயன்படும் செயற்கை வலையை, மெஷ் என்பார்கள், பிறப்புறுப்பு வழியாக வைத்து இறக்கத்தைச் சரிசெய்யலாம் என்ற யோசனை பரவியது. 2002இல் இதற்கென்றே ஒரு வலை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புதிதாக மனிதர்களிடம் பெரிய சோதனை எதுவும் தேவைப்படவில்லை. ஏற்கெனவே சந்தையில் இருப்பதை ஒத்திருக்கிறது என்று காட்டினால் போதும் என்ற வழியில் வந்த அனுமதி அது. அப்புறம் வலையும் அதைச் செலுத்தும் ஊசிகளும் சேர்ந்த பெட்டிகள் வந்தன. பெட்டியை விற்ற நிறுவனங்களே பயிற்சி வகுப்பும் நடத்தின. இணைப்புத் திசுவைத் தைக்கத் தெரியாதவரும் ஊசியைச் செலுத்தக் கற்றுக்கொண்டார்.

சில வருடங்களில் புகார்கள் வரத் தொடங்கின. வலை சுவரை அரித்துக்கொண்டு வெளியே வந்தது. தாம்பத்தியத்தில் தாங்க முடியாத வலி, ஓயாத நீர்க்கசிவு. ஒருமுறை திசுவோடு ஒட்டிப்போன வலையை முழுதாக எடுப்பதும் கடினம். மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ. 2008இல் ஓர் அறிவிப்பும் 2011இல் இன்னும் கடுமையான எச்சரிக்கையும் விட்டது. 2016இல் அதிக ஆபத்துள்ள கருவிகளின் வகுப்புக்கு மாற்றியது. 2019 ஏப்ரலில், இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் வலையின் விற்பனையையே நிறுத்தச் சொன்னது. பிரிட்டனில் 2018இல் இத்தகைய அறுவைகள் நிறுத்திவைக்கப்பட்டன. அங்கே நடந்து 2017இல் வெளியான ப்ராஸ்பெக்ட் ஆய்வு, வலை வைத்தவர்களுக்கும் சொந்தத் திசுவைத் தைத்தவர்களுக்கும் முதல் இரண்டு ஆண்டுகளில் நிவாரணத்தில் வித்தியாசம் இல்லை என்றது. வலை வைத்தவர்களிலோ பத்தில் ஒருவருக்கு மேல் வலையாலேயே சிக்கல் வந்திருந்தது.

எல்லா வலையும் இதில் சேராது. இருமினால் சிறுநீர் கசிவதற்கு வைக்கும் மெல்லிய நாடாவும், வயிற்று வழியாக மேல்முனையைத் திரிக எலும்போடு கட்டும் வலையும் எஃப்.டி.ஏ.வின் அந்த 2019 உத்தரவுக்குள் வரவில்லை. இந்த வேறுபாட்டை நோயாளிக்குத் தெளிவாகச் சொல்லத் தெரிவதும் பயிற்சியின் ஒரு பகுதி. நான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், மாவட்ட மருத்துவர்களைத் தேடி வரும் பயிற்சிகளுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கருவி விற்பனை இருப்பது. யார் செலவில் நடக்கிறது, முடிந்ததும் எதை வாங்கச் சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்வது நல்லது.

மாவட்டத்துக்கு எது போதும்?

முதலில் பரிசோதனை. இறக்கம் எவ்வளவு என்பதை 'கொஞ்சம்', 'நிறைய' என்று எழுதாமல் அளந்து எழுதும் முறை 1996இல் வந்தது. பாப்-க்யூ என்பார்கள். கன்னிச்சவ்வு இருக்கும் வட்டத்தைப் பூஜ்யமாக வைத்து, முன்சுவர், பின்சுவர், மேல்முனை ஒவ்வொன்றும் எத்தனை செ.மீ. மேலே அல்லது கீழே நிற்கிறது என்று குறிப்பது. செ.மீ. குறித்த ஒரு மரக் குச்சி போதும், ஐந்து நிமிடத்துக்குள் முடியும். முக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் நிற்க வைத்தும் பார்க்க வேண்டும். வெளியே தெரியும் இறக்கத்தைக் கையால் உள்ளே தள்ளிவிட்டு இருமச் சொல்வதும் அவசியம். பெரிய இறக்கம் மூத்திரக் குழாயை மடக்கி, கசிவை மறைத்து வைத்திருக்கும். அறுவை நல்லபடியாக முடிந்து ஒரு மாதத்தில், முன்பு இல்லாத கசிவோடு அந்த அம்மா வந்து நின்றால், முன்கூட்டியே சொல்லியிருந்தவர் சொல்லுக்கு ஒரு மதிப்பு. சொல்லாதவர் ஆபரேஷனைக் கெடுத்துவிட்டார் என்றுதான் ஊரில் பேச்சாகும்.

அடுத்து, கத்தி எடுக்காமல் செய்யக்கூடியவை. பெஸரி என்ற சிலிக்கான் வளையத்தைச் சரியான அளவு பார்த்து உள்ளே வைத்தால், பல பெண்களுக்கு இறக்கம் உள்ளேயே நிற்கும். கழற்றிக் கழுவி மீண்டும் வைக்கச் சொல்லிக்கொடுக்கலாம். 2022இல் நெதர்லாந்திலிருந்து வந்த ஓர் ஆய்வில், இரண்டு ஆண்டுக்குப் பிறகு அறுவை செய்துகொண்டவர்களின் நிலை பெஸரி வைத்தவர்களைவிடச் சற்று மேலாக இருந்தது. ஆனாலும் பெஸரி வைத்தவர்களிலும் சுமார் நான்கில் மூன்று பேர் தேவலை என்றார்கள். இதய நோயோ கட்டுக்கடங்காத சர்க்கரையோ இருக்கும் எழுபது வயது அம்மாவுக்கு இது சின்ன விஷயமா? பெஸரியின் அளவு பார்க்க ஒரு மதியத்தில் பழகிவிடலாம். ஆனால் நம் பயிற்சி அரங்குகளில் அதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு.

இடுப்புத்தளப் பயிற்சியும் அப்படித்தான். ஆர்னால்டு கீகல் இதை எழுதியது 1948இல். மூத்திரத்தையும் காற்றையும் அடக்குவது போல உள்ளே இழுத்துப் பிடித்து விடுவது. ஒரு முறைக்கு எட்டுத் தடவையாவது, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். தாளில் அச்சடித்துக் கொடுத்தால் யாரும் செய்வதில்லை. வயிற்றை எக்கிவிட்டு இதைத்தான் செய்வதாக நினைத்துக்கொள்வார்கள். சரியான தசைதானா என்று ஒருமுறை பரிசோதித்துச் சொல்ல ஆள் வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிவைக்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். அதில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். மூட்டு வலிக்கும் பக்கவாதத்துக்கும் வருபவருக்கு இந்தப் பயிற்சியையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தால் போதும். மகப்பேறு மருத்துவருக்கான பயிற்சியில் அவரையும் உட்காரவைப்பது எளிதான காரியம்.

மூன்றாவது, பிரசவத்தில் ஆசனவாய்த் தசை வரை கிழிந்தால் அதை அப்போதே கண்டுபிடித்து அடுக்கடுக்காகத் தைப்பது. வெளித்தசையில் பாதிக்கும் கீழே கிழிந்ததா, மேலேயா, உள்தசையும் போனதா என்பதைப் பொறுத்துத் தையல் மாறும். தவறவிட்டால் மலமும் காற்றும் அடங்காமல் அந்தப் பெண் வீட்டை விட்டே வெளியே வரமாட்டாள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் 2019-21 கணக்கில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். சுகப்பிரசவம் குறையக் குறைய, பயிற்சியில் இருக்கும் மருத்துவர் இப்படிப்பட்ட கிழிசலைப் பார்ப்பதும் குறைகிறது. அதனால் மாதிரிகளில் தைத்துப் பழகுவது முன்பைவிட இப்போது அதிகம் தேவைப்படுகிறது. வெளிநாட்டுப் பயிலரங்குகளில் பன்றியின் ஆசனவாய்த் திசுவில் பழக்குகிறார்கள். இறைச்சிக் கடையில் ஏற்பாடு செய்துகொண்டால் இங்கேயும் முடியும்.

அதற்கப்புறம்தான் அறுவை. பிறப்புறுப்பு வழியாகக் கர்ப்பப்பை எடுப்பது, மேல்முனையைக் கட்டுவது, முன்சுவர் பின்சுவர் தையல், வயதானவர்களுக்குப் பிறப்புறுப்பையே மூடித் தைப்பது, முடிவில் மூத்திரப்பைக்குள் பார்க்கும் சிஸ்டாஸ்கோப்பி வைத்து, சிறுநீரகத்திலிருந்து வரும் இரு பக்கச் சிறுநீர்க் குழாய்களிலிருந்தும் நீர் வருகிறதா என்று பார்ப்பது. கர்ப்பப்பை வாயிலிருந்து வெறும் 2 செ.மீ. தள்ளித்தான் சிறுநீர்க் குழாய் ஓடுகிறது. தையல் இழுத்ததில் அது மடங்கியிருந்தால், மேஜையிலேயே தெரிந்தால் தையலை அவிழ்த்துவிடலாம், பத்து நாள் கழித்துத் தெரிந்தால் சிறுநீரகமே பாதிக்கப்பட்டிருக்கலாம். வெளியே தொங்கிப் புண்ணான கர்ப்பப்பை வாயை அக்ரிஃபிளேவின் கிளிசரின் என்ற கிருமிநாசினி மருந்தில் நனைத்த துணியை வைத்து ஆற்றிவிட்டு அறுவைக்குப் போகும் பழைய பக்குவமும் மறந்துவிடக் கூடாதது. மறு இறக்கம், பிரசவத்தால் மூத்திரப்பையில் விழுந்த ஓட்டை போன்றவற்றைத் தொடாமல் பெரிய மையத்துக்கு அனுப்புவதும் கற்க வேண்டிய ஒன்று. ஓட்டையை மூடும் முதல் முயற்சிக்குத்தான் வெற்றி வாய்ப்பு அதிகம்.

எங்கே கற்பது? தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008இலிருந்தும் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022இலிருந்தும் இயங்குகின்றன. இரண்டுக்கும் நடுவே சுமார் 50 கி.மீ.தான், நான்குவழிச் சாலையில் ஒரு மணி நேரம். தர்மபுரி மாவட்டச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் 1993 முதல் இயங்கும் டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற தொண்டு அமைப்பு, உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே நலப் பணியாளர்களாகப் பயிற்றுவித்துக் காட்டியிருக்கிறது. திறமை வெளியூரிலிருந்து வந்தால்தான் உண்டு என்ற நிலை இங்கே இல்லை. இந்த அறுவையில் கை தேர்ந்த ஒருவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இந்த இரு கல்லூரிகளில் ஒன்றுக்கு வந்து, பென்னாகரம், அரூர், ஓசூர், ஊத்தங்கரை மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளோடு அங்கே வந்து, தாங்களே கத்தியைப் பிடிக்க, அவர் எதிரே நின்று உதவினால், ஒரு வருடத்தில் ஆளுக்குச் சில அறுவைகளாவது உடனிருந்து செய்தது போல் ஆகும். வழக்கமான தியேட்டர், வழக்கமான நர்ஸ், கையில் இருக்கும் கருவிகள். பெருநகர மருத்துவமனையில் பார்த்துவிட்டு வந்து "நம்மிடம் அந்த ரிட்ராக்டர் இல்லையே" என்று கைவிடும் நிலை வராது.

தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அதைத் தடுக்க மத்திய அரசு 2022இல் வகுத்த வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. இறக்கத்துக்கு வேறு வழி தெரிந்த மருத்துவர்தான் இந்த உத்தரவை உண்மையாக நிறைவேற்ற முடியும். கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே சேக்ரோஸ்பைனஸ் நாரில் கட்டுவது, எடுப்பதற்குச் சளைத்ததில்லை என்று 2015இல் வெளியான டச்சு ஆய்வு ஒன்று காட்டியது. கையில் ஒரே ஓர் அறுவை இருப்பவர் எல்லோருக்கும் அதையேதான் சொல்வார், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கடைசியாகக் கணக்கு வைப்பது. அமெரிக்காவில் 1997இல் வெளியான ஓர் ஆய்வில், இறக்கத்துக்கோ கசிவுக்கோ அறுவை செய்துகொண்டவர்களில் சுமார் 29 சதவீதம் பேருக்கு அது மறு அறுவையாக இருந்தது. நம் மாவட்டங்களில் இது எவ்வளவு என்று கேட்டால் ஒவ்வொரு மருத்துவரும் தன் நினைவிலிருந்துதான் சொல்ல வேண்டியிருக்கும். திரும்பி வராத நோயாளி குணமாகிவிட்டார் என்று வைத்துக்கொள்வது எளிது. வலி தாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருந்தாலும், பெங்களூருக்கோ சேலத்துக்கோ போய் வேறு டாக்டரைப் பார்த்தாலும், அவர் திரும்பி வராதவர்தான். ஆகவே பயிற்சியின் கடைசிப் பாடத்தை அறுவை நாளில் முடிக்காமல் ஒரு வருடம் தள்ளி வைக்க வேண்டும். அறுவை செய்துகொண்ட பெண்கள் எல்லோரையும் ஒரே நாளில் வரவழைத்து, அதே செ.மீ. குச்சியால் மீண்டும் அளந்து, கற்றுக்கொடுத்தவரும் கற்றவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் ஒரு நாள் கூலி போகும். அந்தக் கூலியைப் பயிற்சிச் செலவிலேயே சேர்த்துவிட்டால் அவர்கள் வருவார்கள்.